டென்னஸிக்கு வீடு மாறியபின் எந்தக் கைத்துப்பாக்கி பெர்மிட் எடுப்பது?

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் 2021 ஜூலை 1 முதல் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போக பெர்மிட் தேவையில்லை. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதி இருந்து, நிற்கும் இடத்தில் நிற்க உரிமையும் இருந்தால் போதும். வேறு மாநிலத்திலிருந்து நாஷ்வில், மெம்பிஸ் பக்கம் குடிவருபவர்கள் இதைக் கேள்விப்பட்டதும், "அப்புறம் எதற்குக் காசு கட்டி பெர்மிட்?" என்று விட்டுவிடுகிறார்கள். அது தப்புக் கணக்கு. இங்கே பெர்மிட் கைகொடுப்பது முக்கியமாக இரண்டு இடங்களில்: பள்ளிக்கூடத்தின் பக்கத்தில், மாநில எல்லையில். எந்தப் பெர்மிட் என்பதையும் அந்த இரண்டை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

அதற்கு முன் விசா. ஹெச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாக மத்தியக் குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும், டென்னஸி பெர்மிட்டுக்கு அது உதவாது. பெர்மிட் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். கிரீன் கார்டு உள்ளவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். துப்பாக்கி தொடர்பான தண்டனை ஒன்று விழுந்தால் நாடுகடத்தலில் போய் முடியலாம். கொலராடோ போன்ற மாநிலத்தில் மருத்துவக் கஞ்சா அட்டை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டே இங்கு வந்தவருக்கும் மத்தியச் சட்டம் துப்பாக்கியைத் தடுக்கிறது. அந்த மாநிலம் அனுமதித்தது என்ற பதில் செல்லாது.

இனி பள்ளிக்கூடம். மத்தியச் சட்டப்படி பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள், அதாவது சுமார் 300 மீட்டருக்குள், பொது இடத்தில் துப்பாக்கியோடு இருக்கக் கூடாது. சாலையில் காரில் கடந்து போவதும் இதில் அடங்கும். துப்பாக்கி தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருந்தால் விலக்கு உண்டு. இன்னொரு விலக்கு பெர்மிட் உள்ளவருக்கு. ஆனால் அந்தப் பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலமே கொடுத்த பெர்மிட்டாக இருக்க வேண்டும். பழைய மாநிலத்துப் பெர்மிட்டை டென்னஸி மதிக்கிறது என்பது உண்மைதான், அது மாநிலச் சட்டத்துக்குப் போதும். இந்த மத்திய விலக்குக்கு அது போதாது. பெர்மிட் இல்லாமல் எடுத்துச் செல்பவருக்கும் விலக்கு கிடையாது. வீட்டிலிருந்து கடைக்குப் போகும் வழியை வரைபடத்தில் வைத்து, வழியிலுள்ள ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் 1000 அடிக்கு வட்டம் போட்டுப் பாருங்கள். ஊருக்குள் வட்டத்தைத் தொடாமல் போவது பெரும்பாலும் நடக்காது.

பழைய பெர்மிட்டை நம்பிக் காலம் தள்ளுவதும் ஆபத்து. வேறு மாநிலப் பெர்மிட்டோடு டென்னஸியில் குடியேறியவர் ஆறு மாதத்துக்குள் டென்னஸி பெர்மிட் எடுக்க வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். அதற்கும் முன்னாலேயே இன்னொரு சிக்கல் தொடங்கிவிடுகிறது. புளோரிடா, கொலராடோ, மிச்சிகன் போன்ற மாநிலங்கள், ஒருவர் குடியிருக்கும் மாநிலம் கொடுத்த பெர்மிட்டை மட்டுமே ஏற்கும். ஜார்ஜியாவிலிருந்து டென்னஸிக்கு மாறிய நாள் முதல், அந்த ஜார்ஜியா அட்டை புளோரிடா கடற்கரையில் பெர்மிட்டாகச் செல்லாது, அதில் இன்னும் மூன்று வருடம் பாக்கி இருந்தாலும்.

எல்லை விஷயத்துக்கு பிரிஸ்டல் நகரத்தைப் பாருங்கள். அங்கே ஸ்டேட் ஸ்ட்ரீட்டின் நடுவில்தான் மாநில எல்லை ஓடுகிறது. தெருவின் தெற்கு நடைபாதை டென்னஸி, வடக்கு நடைபாதை வர்ஜீனியா. சட்டைக்குள் துப்பாக்கியோடு டென்னஸி பக்கம் காபி குடித்தவர், எதிர்க் கடைக்குத் தெருவைக் கடந்தால், மறைத்து எடுத்துச் செல்லப் பெர்மிட் கேட்கும் மாநிலத்துக்குள் நுழைந்துவிட்டார். ஸ்மோக்கி மலையிலும் இதேதான். கேட்லின்பர்க்கிலிருந்து 441 சாலையில் ஏறி நியூஃபவுண்ட் கேப்பைத் தாண்டினால் நார்த் கரோலினா. 2025 நிலவரப்படி இந்த இரண்டு மாநிலங்களிலும் மறைத்து எடுத்துச் செல்லப் பெர்மிட் வேண்டும், இரண்டும் டென்னஸி பெர்மிட்டை ஏற்கின்றன. இல்லினாய், கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மசாசூசெட்ஸ், மேரிலாந்து ஆகியவை டென்னஸியின் எந்தப் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. அங்கெல்லாம் காரில் போவதென்றால் தோட்டாவைக் கழற்றி, பூட்டிய பெட்டியில் டிக்கியில் வைத்துவிடுங்கள்.

2020 ஜனவரி முதல் டென்னஸியில் இரண்டு வகைப் பெர்மிட் உண்டு. 'என்ஹான்ஸ்டு' பெர்மிட்டுக்குக் கட்டணம் 100 டாலர். அரசு சான்றளித்த பள்ளியில் 8 மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, சுடுதளத்தில் சுட்டுக் காட்டும் தேர்வு, விரல்ரேகைப் பதிவு எல்லாம் இதில் உண்டு. 'கன்சீல்டு' பெர்மிட் 65 டாலர். குறைந்தது 90 நிமிடம் ஓடும் ஆன்லைன் வகுப்பும் அதன் தேர்வும் போதும், சுட வேண்டியதில்லை. இரண்டும் 8 வருடம் செல்லும். பெயருக்கேற்ப, கன்சீல்டு பெர்மிட் மறைத்து எடுத்துச் செல்ல மட்டும். என்ஹான்ஸ்டு மறைத்தும் மறைக்காமலும். இந்த வித்தியாசத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. பெர்மிட்டே இல்லாமல் இரண்டு விதமாகவும் போகலாம் என்று 2021-லேயே ஆகிவிட்டது.

உண்மையான வித்தியாசம் வேறு. சுடுதளத் தேர்வு இல்லாத பெர்மிட்டைச் சில மாநிலங்கள் ஏற்பதில்லை. அதனால் என்ஹான்ஸ்டு அட்டைதான் அதிக மாநிலங்களில் செல்லும். அரசுக் கல்லூரியில் முழுநேர வேலை செய்பவர், உள்ளூர்க் காவல் துறைக்குத் தெரிவித்துவிட்டு வளாகத்தில் மறைத்து வைத்திருக்க உதவும் சட்டமும் என்ஹான்ஸ்டு உள்ளவருக்குத்தான். பூங்காவுக்கும் அதுவே பாதுகாப்பு. பூங்காவில் துப்பாக்கிக்குத் தடை விதிக்கும் மாநிலச் சட்டம் செல்லாது என்று 2025 ஆகஸ்டில் கிப்சன் கவுண்டியில் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள், மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி இடுப்பில் துப்பாக்கியோடு பூங்காவில் நடக்கப் போகாதீர்கள்.

ஊரைவிட்டு அதிகம் நகராதவர், பள்ளிப் பக்கம் கடந்துபோக ஒரு அட்டை வேண்டும் என்பவர், கன்சீல்டு எடுத்தால் போதும். மாநிலம் விட்டு மாநிலம் வண்டி ஓட்டுபவர் என்ஹான்ஸ்டுதான் எடுக்க வேண்டும். கட்டணத்தில் வித்தியாசம் 35 டாலர், அதை எட்டு வருடத்துக்குப் பிரித்தால் ஒன்றுமேயில்லை. துப்பாக்கிக்குப் புதியவர் எந்த அட்டை எடுத்தாலும் அந்த 8 மணி நேர வகுப்பில் உட்கார வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. திரையில் 90 நிமிடம் பார்த்துவிட்டுத் தோட்டா போட்ட துப்பாக்கியோடு கூட்டத்துக்குள் போவது சட்டப்படி சரி, ஆனால் கைக்குப் பழக்கம் அதில் வராது.

வேலையை வரிசையாகச் செய்யுங்கள். முதலில் டென்னஸி ஓட்டுநர் உரிமம். குடிவந்த 30 நாளுக்குள் எடுக்க வேண்டும், மற்ற எல்லாம் அதைச் சார்ந்தே நிற்கும். கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்துக்கும் இப்போதைய முகவரியுள்ள அரசு அடையாளச் சான்று வேண்டும். பழைய மாநில உரிமத்தைக் காட்டிக் கைத்துப்பாக்கி வாங்க முடியாது. உரிமம் வந்தபின் வகுப்பு. முன்கூட்டியே வகுப்பை முடித்து வைத்தால் சான்றிதழ் பழசாகிவிடும், கன்சீல்டு வகுப்புச் சான்றுக்கு ஒரு வருடக் கெடு. பிறகு குடியுரிமைச் சான்று அல்லது கிரீன் கார்டோடு டிரைவர் சர்வீசஸ் மையத்தில் விண்ணப்பம், என்ஹான்ஸ்டு என்றால் விரல்ரேகை. அதன்பின் 90 நாள் வரை ஆகலாம்.

நம்மவர்களுக்குப் பெயரில்தான் சிக்கல் வரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், உரிமத்தில் இனிஷியல் முன்னால், கிரீன் கார்டில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று இருந்தால், பின்னணிச் சோதனை இழுத்தடிக்கும். உரிமம் எடுக்கும்போதே கிரீன் கார்டு அல்லது பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்து, அதே வரிசையில் பெயரைப் பதியுங்கள். வகுப்புச் சான்றிதழிலும் அப்படியே எழுதச் சொல்லிக் கையில் வாங்குமுன் படித்துப் பாருங்கள்.

சுடுதளத் தேர்வில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். தவறுபவர்களில் பலர் புதுத் துப்பாக்கியை அன்றுதான் முதன்முறை சுடுபவர்கள். வலதுகைக்காரர் விசையைச் சட்டென்று வெடுக்கினால் குண்டு இடப்பக்கம் தாழ்ந்து விழும். விரல் நுனியால் மெதுவாக, நேர் பின்னால் அழுத்த வேண்டும். முந்தைய வாரம் ஒரு பெட்டி, 50 தோட்டா, சுட்டுப் பழகினால் இது பாதி சரியாகிவிடும். தோட்டா வாங்கும்போது பெட்டியைப் பாருங்கள். '9 எம்எம் ஷார்ட்' என்று எழுதியிருப்பது .380 தோட்டா, 9 எம்எம் துப்பாக்கிக்கு ஆகாது.

அட்டை வந்தபின் துப்பாக்கி எடுத்துச் செல்லும்போதெல்லாம் அதுவும் கூடவே இருக்க வேண்டும், காவலர் கேட்டால் காட்ட வேண்டும். மதுபானம் பரிமாறும் உணவகத்துக்குள் போகலாம், ஆனால் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. துப்பாக்கிக்குத் தடை என்று வாசலில் பலகை இருந்தால் உள்ளே போகாதீர்கள், மீறினால் 500 டாலர் வரை அபராதம். தபால் அலுவலகத்தில் வாகன நிறுத்தம் உட்பட எங்கும் கூடாது. வேலையிடத்து வாகன நிறுத்தத்தில் பெர்மிட் உள்ளவர் காரில் வைத்துவிட்டுப் போகலாம், கண்ணில் படாமல் பூட்டி வைத்திருக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது துப்பாக்கி காரிலேயே இருக்கட்டும், அதை எடுத்து இடம் மாற்றுவதுகூட வளாகத்துக்குள் வேண்டாம். பள்ளிக்குள் இறங்கிப் போக வேண்டிய நாளில், வீட்டிலேயே காருக்குள் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

வீடு மாறினால் 60 நாளுக்குள் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். டென்னஸியில் புதுச் சட்டங்கள் பெரும்பாலும் ஜூலை 1-இல் நடைமுறைக்கு வருவதால், ஆண்டுதோறும் அந்த வாரத்தில் டென்னஸி மாநிலத்தின் டிபார்ட்மென்ட் ஆஃப் சேஃப்டி இணையதளத்திலுள்ள கைத்துப்பாக்கிப் பக்கத்தையும், அடிக்கடி போகும் மாநிலங்களின் ஏற்புப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.