தேயிலை நடுவே நிற்கும் துண்டுச்சோலையை மீட்கும் முறை

வால்பாறைப் பீடபூமி ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகளும் அதைச் சுற்றி நிற்கின்றன. 1890-களிலிருந்து இங்கே மழைக்காட்டை வெட்டி, முதலில் காபியும் பின்னர் பெருமளவில் தேயிலையும் பயிரிட்டார்கள். வெட்டாமல் விட்ட சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் சில ஏக்கர் முதல் பல நூறு ஏக்கர் வரையிலான துண்டுச்சோலைகள் இன்றும் நிற்கின்றன. சிங்கவால் குரங்கும் பெரிய இருவாட்சியும் பழுப்பு மரநாயும் நடமாடும் இந்தச் சோலைகளில் பல எஸ்டேட்டுகளின் எல்லைக்குள் இருப்பவை. ஆகவே அவற்றை மீட்கும் பொறுப்பில் வனத்துறைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு எஸ்டேட் மேலாளருக்கும் பீல்டு ஆபீசருக்கும் உண்டு. அவர்களையும், அவர்களோடு சேர்ந்து உழைக்க வரும் மாணவர்களையும் மனத்தில் வைத்தே இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

மீட்பு என்றவுடன் எல்லோருக்கும் குழி வெட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது. என் கருத்தில் அதற்கு முன்பே, குறைந்தது ஓராண்டுக்கு முன், நோட்டுப்புத்தகம் வர வேண்டும். எந்த இடத்தில் என்ன மரம் எத்தனை இருந்தது என்று எழுதி வைக்காமல் நட்டால், பத்து ஆண்டு கழித்துக் கிடைப்பது நடுவிழாப் புகைப்படங்கள் மட்டுமே. சோலை மீண்டதா, நாம் நடாமலே மீண்டிருக்குமா என்ற கேள்விகளுக்கு விடை இருக்காது.

முதல் வேலை அனுமதி. சோலை எஸ்டேட்டுக்குச் சொந்தமானதாக இருந்தாலும், 1949-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். குடைமரம் என்னும் அயல்நாட்டு மரம் ஒன்றை வெட்டுவதானாலும், தானியங்கிக் கேமரா ஒன்றைக் கட்டுவதானாலும் முதலில் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது அளவெடுப்பு. சோலையின் சிதைந்த பகுதியில் 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரங்களைக் கயிறு கட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் 30 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் சுற்றளவுள்ள ஒவ்வொரு மரத்தையும் நாடாவால் அளந்து, பெயரோடு எழுத வேண்டும். பலகை வேர் விரித்து நிற்கும் மரங்களை வேர் முடியும் இடத்துக்கு மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தோம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மறுமுறை அளக்க வருபவர் வேறு உயரத்தில் நாடாவைச் சுற்றி, மரம் இளைத்துவிட்டதாக எழுதுவார். ஒரு சதுரம் 400 சதுர மீட்டர் ஆகையால், அதில் 16 மரங்கள் இருந்தால் 25-ஆல் பெருக்கி ஹெக்டேருக்கு 400 மரங்கள் என்று கொள்ளலாம். எண்ணிக்கையோடு நின்றுவிடவும் கூடாது. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி 12.57-ஆல் வகுத்தால் மரத்தின் வெட்டுமுகப் பரப்பு கிடைக்கும்: 100 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரத்துக்கு அது சுமார் 796 சதுர சென்டிமீட்டர், 200 சென்டிமீட்டர் மரத்துக்குச் சுமார் 3,183. ஒரு முதிய பாலி மரம் நான்கு நடுத்தர மரங்களுக்கு ஈடு என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும். இதே சதுரங்களுக்குள் முழங்கால் உயர நாற்றுகளைத் தனியாக எண்ணுங்கள். அடுத்த முடிவு அவற்றைப் பொறுத்தது.

நாற்றுகள் ஏராளமாகவும் பல இனங்களாகவும் இருந்து, பக்கத்தில் பெருங்காடும் இருக்குமானால், அங்கே நட வேண்டிய தேவை குறைவு. களையை அடக்கி, விறகு வெட்டுவதையும் மாடு மேய்வதையும் நிறுத்தினாலே போதும். மாறாக, பெருங்காட்டிலிருந்து வெகுதூரம் விலகித் தேயிலைக்கு நடுவே தீவு போல நிற்கும் துண்டுகளுக்கு இருவாட்சியும் மங்குழிப் புறாவும் மரநாயும் விதை கொண்டு வருவது அரிதாகையால், அங்கேதான் நடுவதன் பயன் மிகுதி. வால்பாறையில் 2000-களின் தொடக்கத்திலிருந்து எஸ்டேட்டுகளோடு சேர்ந்து சோலைகளை மீட்டு வரும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள், நட்ட இடங்களையும் நடாமல் விட்ட இடங்களையும் சிதையாத காட்டையும் ஒப்பிட்டு அளந்தபோது கண்டதும் இதுவே. இருக்கும் நாற்றுகளைக் கொண்டு சாலையோரம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நடுவிழா வைப்பதைவிட, யாரும் பார்க்காத தீவுத் துண்டில் நடுவது மேல்.

விதை சேகரிக்கப் பெருங்காட்டுக்குள் போக வேண்டாம். அங்கே விழும் விதை அங்கேயே முளைக்கட்டும். தார்ச்சாலையிலும் எஸ்டேட் பாதையிலும் விழுந்து நசுங்கப்போகும் விதைகளையும், பாறை மேல் மரநாய் விட்டுப்போன எச்சத்தில் இருக்கும் விதைகளையும் பொறுக்கினாலே நாற்றங்கால் நிரம்பும். மழைக்காட்டின் முதிர்ந்த மரங்கள் பலவற்றின் விதைகள் உலர்ந்தால் உயிரிழந்துவிடும் என்பதால், நெல் விதை போலக் காயவைத்துச் சேமிக்கும் பழக்கம் இங்கே உதவாது. சதையைக் கழுவி ஓரிரு நாளில் விதைத்துவிட வேண்டும். தாய்மரம் நின்ற இடம், பொறுக்கிய தேதி, இனத்தின் பெயர் ஆகியவற்றை ஒவ்வொரு பாத்திக்கும் எழுதி வையுங்கள். பெயர் தெரியாவிட்டால், தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் வாழும் காடர்களிடம் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டதற்கு ஒரு நாள் கூலி கொடுப்பதும் முறைதான்.

இனங்களைத் தேர்வதில் வெளிச்சமே முதல் அளவுகோல். மேலே கிளையே இல்லாத வெட்டவெளியில் வட்டத்தாமரை, சோலைவேங்கை, நாவல், காட்டு அத்தி வகைகள் முதலில் வர வேண்டும். அவை நிழல் கட்டிய பிறகு, அல்லது ஏற்கெனவே நிழலிருக்கும் இடத்தில், வெடிப்பலா, பாலி, நாங்கு, காட்டு ஜாதிக்காய் ஆகியவற்றை நடலாம். நான் முதன்முதலில் கைவைத்த சரிவில், சிங்கவால் குரங்குக்குப் பிடித்த மரம் என்ற ஆசையில் வெடிப்பலா நாற்றுகளைத் திறந்த வெளியில் வரிசையாக வைத்தேன். ஜனவரி வெயிலும் பனியும் சேர்ந்து பிப்ரவரிக்குள் பெரும்பாலானவற்றைக் கருக்கிவிட்டன. குரங்குக்குப் பிடித்ததை நடும் முன், அந்த மரத்துக்குப் பிடித்த இடம் எது என்று பார்த்திருக்க வேண்டும்.

களையெடுப்பதில்தான் சோலைக்கு நல்லதும் கெட்டதும் மிகுதியாக நடக்கின்றன. உண்ணிச்செடியை அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டினால், அடிக்கட்டையிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே ஆணிவேரைக் குத்திக் கோடரியால் துண்டித்து, புதரை முழுதாகத் தூக்கி, வேர் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். மைக்கேனியாக் கொடி கணுவுக்குக் கணு வேர்விடும். அறுத்துத் தரையில் போட்டால் ஒரு கொடி பத்தாகும் என்பதால், இழுத்துச் சுருட்டி மண் படாத இடத்தில் தொங்கவிட வேண்டும். ரொபஸ்டா காபி இன்னொரு வகைத் தொல்லை. அதன் பழத்தை மரநாயும் குரங்கும் தின்று விதையைச் சோலை முழுவதும் பரப்புவதால், நிழலிலும் அது செழித்து வளர்ந்து மற்ற நாற்றுகளுக்கு இடமில்லாமல் செய்துவிடும். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது சிறு கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம்.

எல்லாக் களையையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். உண்ணிப் புதரின் நிழலில் நல்ல நாற்றுகள் ஒளிந்திருக்கும். தேயிலையில் கைபழகிய தொழிலாளிக்குக் கையில் படுவதெல்லாம் களை. அது அவர் குற்றமல்ல, நாம் காட்டிக் கொடுக்காததன் குற்றம். வேலை தொடங்கும் காலையில் கங்காணியோடும் ஆட்களோடும் உட்கார்ந்து, அந்தச் சரிவில் காக்க வேண்டிய நாற்றுகளை நேரில் காட்டுங்கள்: வெடிப்பலா இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் செதில் பூசியது போலப் பளபளக்கும், பாலியின் இலைக்காம்பைக் கிள்ளினால் வெண்பால் கசியும், கருங்குங்கிலியக் கன்றின் தளிர் துருச் சிவப்பாக இருக்கும். பிறகு ஒவ்வொரு நாற்றின் பக்கத்திலும் தலையில் வண்ணம் தீட்டிய மூங்கில் குச்சியை ஊன்றிவிட்டு, அதற்கு அப்புறம்தான் அரிவாளை எடுக்கச் சொல்ல வேண்டும். அன்றைக்கு வேலை பாதிதான் நடக்கும், நடக்கட்டும்.

நடுவதற்குத் தென்மேற்குப் பருவமழை நன்கு பிடித்த ஜூன் கடைசியும் ஜூலையும் ஏற்றவை. நாற்று முழங்கால் உயரத்துக்குக் குறையாமல், பையில் ஓராண்டாவது வளர்ந்ததாக இருக்க வேண்டும். இரண்டு மீட்டருக்கு ஒன்று வீதம் ஹெக்டேருக்கு 2,500 வரும். ஆனால் நூல் பிடித்து வரிசை கட்ட வேண்டாம், பக்கத்தில் ஒரே இனம் வராமல் கலந்து வையுங்கள். பாலித்தீன் பைகளை எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குங்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது கன்றைச் சுற்றிக் களை எடுக்க வேண்டும். செலவுக் கணக்கு போடும்போது பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

யானையை மறந்து இந்த நிலத்தில் எதையும் திட்டமிட முடியாது. நடு ஆறு, சோலையாறு ஆகியவற்றின் கரைக்காடுகளே தேயிலை நடுவே யானைகளுக்கு ஒதுங்க இடமும் வழியும் தருகின்றன. ஆகவே ஆற்றோரச் சோலைக்கு முன்னுரிமை கொடுங்கள். அதைச் சுற்றி வேலி போடாதீர்கள். அதே சமயம், இங்கே மனித உயிர்கள் பெரும்பாலும் பாதையில் எதிர்பாராமல் யானைக்கு நேரெதிரே போய் நின்றதால் பறிபோனவை என்பதால், தொழிலாளர்கள் வசிக்கும் லயன் வீடுகளுக்குப் போகும் நடைபாதையின் இருபுறமும் பார்வையை மறைக்கும் அடர்ந்த நடவு கூடாது. அளவெடுக்கப் போகிறவர்கள் தனியாகப் போகக் கூடாது. யானை வந்திருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாகவும் தொலைவிலிருந்து இயக்கும் சிவப்பு விளக்காகவும் அறிவிக்கும் ஏற்பாடு வால்பாறையில் இருப்பதால், புறப்படும் முன் அதைப் பார்த்துவிட்டு, மாலை வெளிச்சம் மங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். காலில் ஏறும் அட்டைக்கு மூக்குப்பொடி போதும்.

சாலை குறுக்கே போகும் சோலையில் மரங்கள் உயரும்வரை குரங்குகள் காத்திருக்கா. புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கப் பழகி வண்டிகளில் அடிபட்டதால், இருபுற மரங்களையும் இணைத்துப் பழைய தீயணைப்புக் குழாய்களால் தொங்குபாலங்கள் கட்டினார்கள். உங்கள் சோலையிலும் சாலை இருந்தால், குரங்குகள் எங்கே கடக்கின்றன என்று சில வாரம் குறித்த பிறகு, வனத்துறை அனுமதியோடு அந்த இடத்தில் மட்டும் கட்டுங்கள். சாலையோரம் எச்சில் தின்பண்டமும் குப்பையும் கிடந்தால் பாலம் இருந்தும் அவை இறங்கும். மூடியுள்ள குப்பைத்தொட்டி பாலத்தைவிட மலிவு.

இறுதியாக, நட்ட சதுரங்களுக்குப் பக்கத்திலேயே நடாத சதுரங்கள் சிலவற்றையும், சிதையாத காட்டில் சிலவற்றையும் நிரந்தரமாக அடையாளமிட்டு, ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்தில், ஒரே முறையில் அளக்க வேண்டும். அலுமினியத் தகட்டில் எண் பொறித்து அடிக்கும்போது, மரம் பருக்க இடம்விட்டு ஆணியின் பாதியை வெளியே விடுங்கள். எஸ்டேட்டில் மேலாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். வருகிறவருக்குச் சோலைக்குள் கயிறு கட்டியது ஏன் என்று தெரியாது. ஆகவே சதுரங்களின் வரைபடத்தையும் அளவுப் பட்டியலையும் நான்கு படிகள் எடுத்து, ஒன்றை டிவிஷன் ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள், ஒன்றை வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள், ஒன்றை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்; மீதமுள்ள ஒன்றை, அங்கேயே பிறந்து வளர்ந்து, முதல் நாளில் கயிறு பிடித்த கங்காணியிடம் கொடுத்து வையுங்கள்.