பலமான கல்லூரி அணியை நாக்அவுட்டில் வீழ்த்துவது எப்படி?

களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துக்கு பாஸ்கெட்பால் டோர்னமென்ட் ஆடப் போகிற நம்ம மார்த்தாண்டம் பசங்களே, எதிரணியின் பெயரைக் கேட்டே பாதி தோற்றுவிடாதீர்கள். 2015இல் அமெரிக்கக் கல்லூரி டோர்னமென்ட்டில் 38 ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயித்து வந்த கென்டக்கி பல்கலைக்கழக அணி, அரையிறுதியில் விஸ்கான்சின் அணியிடம் 71-64 என்று தோற்றது. உங்களுக்கும் அந்த ஒரு ஆட்டம் போதும்.

முதலில் வேகத்தைக் குறையுங்கள். கூடைக்கு எறிய ஒவ்வொரு முறையும் கிடைக்கிற 24 நொடியில் 18 நொடியாவது பந்தைக் கைமாற்றிவிட்டு அப்புறம் எறியுங்கள், ஏனென்றால் வாய்ப்புகள் குறையக் குறைய பலமான அணி தன் பலத்தைக் காட்டவும் நேரமிருக்காது. மூன்று புள்ளிக்கு மூலையிலிருந்து எறியுங்கள், கோடு அங்கேதான் கூடைக்குக் கொஞ்சம் பக்கம்.

எதிரணியில் கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் நெட்டை சென்டரா? பந்து அவர் கைக்குப் போகுமுன்பே முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். 2023இல் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழக அணி, பர்டியூ பல்கலைக்கழக அணியின் ஏழடி நாலங்குல சென்டர் ஈடியை அப்படித்தான் மறித்து 63-58 என்று ஜெயித்தது.