16 ஜிபி இருந்தும் திக்கிய கேம்

கோத்தகிரி மழையில் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று அசெம்பிள் செய்தேன். கோயம்புத்தூரில் வாங்கிய பாகங்களை மடியில் வைத்தபடியே பஸ்ஸில் மலையேறினேன். பிராசஸர் ரைசன் 5 5600ஜி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. 16 ஜிபி ராம், ஒரே ஸ்டிக். கேம் திக்கித் திக்கி ஓடியது.

முதலில் பிராசஸரைத்தான் திட்டினேன். பாவம் அது. அதற்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது, ராமில்தான் பங்கு கேட்கும். டிடிஆர்4 வகை, 3200 வேக ராம் ஒரு சேனலில், அதாவது பிராசஸருக்குப் போகும் ஒரு பாதையில், நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரும். ஒரே ஸ்டிக் என்றால் ஒரே சேனல்தான்; இரண்டு ஸ்டிக் போட்டால் இரண்டு சேனலில் 51.2. கடைக்காரரிடம் கெஞ்சி 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக மாற்றி, மதர்போர்டு கையேட்டில் சொன்னபடி 2, 4ஆம் ஸ்லாட்டுகளில் செருகினேன்.

அப்புறமும் பயாஸ், அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை, ராம் வேகத்தை 2400 என்றே காட்டியது. ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை ஆன் செய்தேன். 3200! திக்கல் போய்விட்டது. இந்தக் குளிரில் விரல் விறைப்பது மட்டும்தான் பாக்கி.