பெரிய மீனுக்கு எந்த அளவு இரை? பாலக்காட்டுச் சித்தூர் எல்லையோர ஏரிகளுக்கும் அணைகளுக்கும்

பெரிய மீன் வேண்டுமானால் பெரிய இரை கோக்கணும் என்பது பாதி உண்மை. வாளைக்கும் விராலுக்கும் அது பொருந்தும். பத்துக் கிலோ கட்லாவிடம் எடுபடாது. எடையைப் பார்த்து இரையை உருட்டாதீர்கள். மீனின் வாயையும் அது தின்கிற விதத்தையும் பாருங்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்து ஏரிகளிலும், மீன்கரை, சுள்ளியாறு, வாளையார் அணைகளிலும் தூண்டில் போடுவோருக்கு இதுதான் அடிப்படை.

முதலில் முள் நம்பர். 10, 8, 6, 4 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-ஐத் தாண்டினால் 1/0, 2/0, 5/0 என்று எண் ஏற ஏறப் பெரிதாகும். ஒரே நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் முள்ளின் வாயை, அதாவது முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியை, அளந்து வாங்குவது நல்லது. கையில் ஸ்கேல் இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயத்தை வைத்துக்கொள்ளுங்கள், அதன் விட்டம் 27 மி.மீ. முள்ளிலேயே குத்திக் கோக்கும் எந்த இரையானாலும், கோத்த பிறகு முள் வாயில் மூன்றில் ஒரு பங்காவது வெளியே தெரிய வேண்டும். இழுப்பு வந்துகொண்டே இருக்கிறது, மீன் மட்டும் மாட்டவில்லை என்றால், பெரும்பாலும் இரைதான் முள் முனையை மூடியிருக்கும்.

ரோகு, மிருகால்

இவற்றின் தாடையில் பல் கிடையாது, அரைக்கும் பல் தொண்டையில் இருக்கிறது. இரையை உறிஞ்சி, பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். இரண்டு கிலோ வரைக்கும் சுண்டைக்காய் அளவு, அதாவது 10 முதல் 12 மி.மீ. உருண்டை போதும். அதற்கு மேல் 15 மி.மீ. பெரிய மீனை மட்டும் பொறுக்க வேண்டுமானால் 18 வரை போகலாம். 20-ஐத் தாண்டினால் இழுப்பே குறைந்துவிடும்.

இங்கே உண்மையான தொல்லை பரல் என்ற பொடி மீனும் ஜிலேபிக் குஞ்சும். பெரிய மீன் வருமுன் மாவைக் கொத்திக் காலி செய்துவிடும். அதற்காக உருண்டையைப் பெரிதாக்குவது வீண், கொத்தித் தின்ன இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். உருண்டையைக் கெட்டியாக்குங்கள். மைதா 200 கிராம், வறுத்து இடித்த கடலைப் பிண்ணாக்கு 100 கிராம், அரிசித் தவிடு 50 கிராம், முட்டை இரண்டு. சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். தேவைப்பட்டால் மட்டும் துளி தண்ணீர். உருட்டி, கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, நிழலில் ஐந்தாறு மணி நேரம் காய விடுங்கள். மேலே தோல் கட்டிவிடும், குஞ்சால் கொத்த முடியாது. நான்கு நிமிடத்துக்கு மேல் வேகவிட்டால் ரப்பர் மாதிரி ஆகி வாசனை நீரில் இறங்காது.

இந்தக் கெட்டி உருண்டையை முள்ளில் குத்தக் கூடாது. ஊசியால் துளையிட்டு, மெல்லிய நூலில் கோத்து, முள்ளின் வளைவுக்குக் கீழே 5 மி.மீ. இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். மீன் உறிஞ்சும்போது முள்ளும் கூடவே உள்ளே போகும், துப்பும்போது முனை உதட்டில் ஏறும். 12 மி.மீ. உருண்டைக்கு 6-ஆம் நம்பர் முள், 15-க்கு மேல் 4-ஆம் நம்பர். நரம்பு (தூண்டில் இழை) 0.30 மி.மீ. தடிமன்.

கட்லா

இதன் வாய் மேல்நோக்கித் திறக்கும். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற மீன். கெட்டி உருண்டை எத்தனை பெரிதானாலும் இதற்கு இரையாகவே தெரியாது. இங்கே தேவை ஆரஞ்சுப் பழ அளவு பிடி, ஆனால் கரைகிற பிடி. வறுத்த தவிடு இரண்டு பங்கு, பிண்ணாக்கு ஒரு பங்கு, ஒட்டுவதற்கு ஒரு கை மைதா. சுற்றிலும் நான்கைந்து 6-ஆம் நம்பர் முட்களைக் குட்டையான நரம்பில் கட்டி, பிடிக்குள் லேசாகச் செருகுங்கள். கரைந்து புகையாய்ப் பரவும் மாவை உறிஞ்சும்போது ஏதாவது ஒரு முள் உள்ளே போகும். தக்கைக்குக் கீழே ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டரில் தொங்க வேண்டும்; தரையில் கிடந்தால் மிருகாலும் கெளுத்தியும்தான் வரும்.

வீசும் முன் ஒரு பிடியை வாளி நீரில் போட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கரைய வேண்டும். அதற்குள் உதிர்ந்தால் வீச்சிலேயே சிதறும், மைதா கூட்டுங்கள். அரை மணி ஆகியும் நின்றால் தவிடு கூட்டுங்கள். தக்கை ஆடிக்கொண்டே இருந்து அமிழாவிட்டால் பிடி கெட்டி என்று அர்த்தம்.

விரால், வாளை

இவை விழுங்கிகள். விராலுக்கு 5 முதல் 7 செ.மீ. நீள இரை. தடிமன் அதன் வாய் அகலத்தில் பாதிக்கு மேல் போகாமல் இருந்தால் ஒரே கவ்வலில் உள்ளே போகும். 10 செ.மீ. ரப்பர் தவளை போட்டால் தண்ணீர் தெறிக்கும், மீன் பாய்ந்து அடிக்கும், முள் பதியாது. முள் 1/0 முதல் 3/0. உயிர்த் தவளை வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் தவளைகளும் உண்டு.

வாளையின் வாய்ப்பிளவு கண்ணையும் தாண்டிப் போகும். இரவில் இரை தேடும். 12 முதல் 18 செ.மீ. முழு மீன் தாராளமாக எடுக்கும், செத்த மீனே போதும். இந்த நீள இரைக்குத் தலையில் ஒரு முள் மட்டும் கோத்தால், வால் பாதி கடிபட்டுத் திரும்பி வரும். முதுகுத் துடுப்புக்குப் பின்னால் இன்னொரு முள் சேருங்கள், இரண்டும் 5/0. பொடிப்பல் வரிசை நரம்பைத் தேய்த்துவிடும் என்பதால் கடைசி 30 செ.மீ.க்கு 0.80 மி.மீ. நரம்பு கட்டுங்கள்.

பருவம்

தென்மேற்குப் பருவமழையில் நீர் கலங்கினால் மீனுக்குக் கண் தெரியாது, மணம்தான் வழிகாட்டும். அப்போது மேலே சொன்ன அளவுகளில் பெரியதை எடுங்கள். மார்கழிக் காலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு நீர் குளிர்ந்தால் ரோகு, மிருகால், கட்லா என்ற கெண்டை வகைகள் குறைவாகத் தின்னும், உருண்டையைப் பாதியாக்குங்கள். கோடையில் தெளிந்த நீருக்கும் சிறியதே மேல்.

முதல் மழைக்கு மீன் முட்டையிட மேலேறும் காலத்தில், கேரளத்தில் ஊத்தபிடுத்தம் என்று சொல்லும் பிடிப்பு சட்டப்படி தடை. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் அடியில் காவல் நிற்கும் விராலை எந்த இரைக்கும் ஆசைகாட்டக் கூடாது. அது போனால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். அணைகளில் இறங்குமுன் அங்குள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவில் சந்தேகம் வந்தால் பிடித்த முதல் விராலின் வயிற்றைக் கீறிப் பாருங்கள். உள்ளே இருக்கும் பரலோ இறாலோ எத்தனை செ.மீ. என்று அளந்து, அடுத்த இரையை அதே அளவில் கோத்துக்கொள்ளுங்கள். கெண்டை வகைகளுக்கு வயிறு என்று தனியாக இல்லை, குடல் மட்டும்தான். அங்கே இந்த வழி உதவாது, துப்புவதையும் தக்கையின் ஆட்டத்தையும்தான் பார்க்க வேண்டும்.