சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் ஒரே கார்: ஆயில் கூலர் பொருத்தும் முறை

வார நாட்களில் அலுவலகத்துக்கும், மாதம் ஒருமுறை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கும் ஒரே காரில் செல்பவர்கள் டேஷ்போர்டில் பார்ப்பது தண்ணீரின் வெப்பநிலையை மட்டுமே. நெடுஞ்சாலையில் 3,000 ஆர்.பி.எம்-ஐத் தாண்டாத எஞ்சின், 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று 6,000-ஐத் தொடும்போது, தண்ணீர் முள் நடுவிலேயே நிற்க, ஆயிலின் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். எனவே, ஆயிலைக் குளிர்விக்கும் சிறு ரேடியேட்டரான ஆயில் கூலரை வாங்கும் முன் ஆயில் வெப்பமானி ஒன்றைப் பொருத்தி, ஒரு நாள் தடத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆயில் 120 டிகிரிக்குள் நிற்குமானால் கூலர் தேவையில்லை. 130-ஐக் கடந்து அங்கேயே நிற்குமானால், ஆயில் நீர்த்து, பேரிங்குகளைக் காக்கும் படலம் மெலிந்துவிடும் என்பதால், கூலரைத் தள்ளிப்போடக் கூடாது.

சாலையில் ஓடும் காருக்கு அதிகக் குளிர்ச்சியும் கெடுதியே. ஆயில் 80 டிகிரியைக் கூட எட்டாமல் ஓடிக்கொண்டிருந்தால், அதில் கலக்கும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும். ஆகவே ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைத்து ஆயிலைக் கூலருக்குத் திருப்பிவிடும் சாண்ட்விச் பிளேட், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) உள்ளதாகவே இருக்க வேண்டும். ஆயில் ஏறத்தாழ 80 டிகிரி தொட்ட பிறகே அது கூலருக்கு முழு வழி விடும். விலை குறைவு என்று தெர்மோஸ்டாட் இல்லாத பிளேட்டை வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும்போது மரையின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஹோண்டா கார்களில் ஃபில்டர் மரை 20 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் பிட்ச்சும் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) கொண்டது. ஃபோக்ஸ்வாகன் கார்கள் பலவற்றில் அது முக்கால் அங்குலம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று ஏறி நம்ப வைத்துவிட்டு, இறுக்கும்போது மரையை அழித்துவிடும். பிளேட் வந்தபின் ஃபில்டர் முன்பைவிடக் கீழே தொங்கும் என்பதால், நம் ஊர் வேகத்தடைகளில் அது இடிக்குமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

ஒன்றரை லிட்டர் எஞ்சினுக்கு ஆயில் ஓடும் 13 வரிசைகள் கொண்ட கூலர் போதும். அதைப் புதிதாகவே வாங்குங்கள். பழுதான எஞ்சினிலிருந்து கழற்றிய பழைய கூலரின் உள்ளே பேரிங் துகள்கள் ஒட்டியிருந்தால், எத்தனை முறை கழுவினாலும் அவை முழுதும் வெளியேறா. முன் பம்பரின் திறப்புக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னே சிறிது இடைவெளி விட்டு, ரப்பர் புஷ் வைத்துப் பொருத்துங்கள். ஹோஸ் மாட்டும் வாய்கள் மேல்நோக்கி இருப்பதே நல்லது. கீழ்நோக்கி இருந்தால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். காற்று சுற்றுவழியில் நழுவாமல் கூலரின் ஊடாகவே செல்லும்படி, அலுமினியத் தகட்டை வளைத்து இருபுறமும் மறைப்புக் கட்ட வேண்டும். இதற்குச் செலவிடும் ஒரு மணி நேரம், பெரிய கூலர் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

வேலையில் பெரும்பாலான தவறுகள் நேர்வது ஹோஸ் வெட்டும் இடத்தில்தான். கம்பி வலை போர்த்திய ஹோஸை வெட்டும் முன் அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி, நுண்பல் ஹேக்சா பிளேடால் டேப்பின் நடுவே நேராக அறுக்க வேண்டும். டேப் இல்லாவிட்டால் கம்பிகள் பிரிந்து விரலைக் குத்துவதோடு, ஹோஸ் முனையில் மாட்டும் ஃபிட்டிங்குக்குள்ளும் நுழையா. அறுத்தபின் உள்ளே ரப்பர் தூள் படிந்திருக்கும். பெட்ரோல் ஊற்றிக் கழுவி, கம்ப்ரஸர் காற்றை ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாருங்கள். அந்தத் தூள் போய்ச் சேரும் இடம் எஞ்சின்தான்.

ஃபிட்டிங்கைக் கூலரில் இறுக்கும்போது, கூலரின் கழுத்தை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் திருப்ப வேண்டும். முதல் முறை நான் ஒரே ஸ்பேனரால் இறுக்கியதில் கழுத்து முறுக்கி, வெல்டிங்கில் தலைமுடி அளவு விரிசல் விழுந்து, புதுக் கூலரே வீணாயிற்று. ஹோஸ்கள் தகட்டைக் கடக்கும் துளைகளில் ரப்பர் குரோமெட் போடுங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஹோஸ் சக்கரத்திலோ எக்ஸாஸ்ட் குழாயிலோ உரசவில்லை என்பதை உறுதி செய்யுங்கள்.

கூலரும் இரண்டு மீட்டர் ஹோஸும் சேர்ந்து அரை லிட்டருக்கு மேல் ஆயிலை உள்ளிழுக்கும். கூலரில் முன்கூட்டியே ஆயிலை ஊற்றி நிரப்பி, எஞ்சின் இயங்காதபடி பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை பத்துப் பத்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள். அதன் பிறகே ஃபியூஸை மாட்டி எஞ்சினை இயக்கி, ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எஞ்சின் குளிராக இருக்கும்போது பார்க்கும் டிப்ஸ்டிக் அளவை நம்பிவிடக் கூடாது. தெர்மோஸ்டாட் முழுதும் திறந்த பின்னரே கூலரில் எஞ்சிய காற்று வெளியேறும் என்பதால், இருபது நிமிடம் சாலையில் ஓட்டிவிட்டு, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து மீண்டும் பார்த்துக் குறையை நிரப்புங்கள். தடத்திலும் முதல் மூன்று சுற்றுகளோடு பிட்டுக்கு (தடத்தோர நிறுத்தத்துக்கு) திரும்பி, கார் சூடாக இருக்கும்போதே எல்லா மூட்டுகளையும் அதே துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.