வீட்டில் மொசைக்: சில்லுகள் ஏன் உதிர்கின்றன?

உடைந்த டைல்ஸ், பழைய பீங்கான், கண்ணாடித் துண்டு என்று சேர்த்துவைத்து வீட்டிலேயே மொசைக் செய்யத் தொடங்குகிறவர்கள் கவனத்தையெல்லாம் படத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள். மயிலா தாமரையா, எந்த நிறம் எங்கே என்று நாள்கணக்கில் யோசிப்பார்கள். பலகையும் பசையும் மட்டும் அவசரத்தில் கடைக்காரர் எடுத்துக்கொடுத்ததாக இருக்கும். பிறகு ஒரு மழைக்காலம் போனதும் சில்லுகள் உதிர்ந்தால், “நமக்குக் கைவேலை வராது” என்று விட்டுவிடுகிறார்கள். கைவேலையில் குறையே இருக்காது. கோளாறு படத்துக்கு அடியில் இருக்கும்.

பலகையிலிருந்து ஆரம்பிப்போம். எம்.டி.எஃப். பலகை விலை குறைவு, வழவழப்பாகவும் இருக்கும். ஆனால் அது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது. தண்ணீர் பட்டால் உப்பும். காய்ந்த பிறகும் பழைய நிலைக்கு வராது. வீட்டுக்குள் மாட்டுகிற சின்னப் படத்துக்குச் சரி. அதற்கும் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு எல்லாவற்றிலும் ப்ரைமர் அடித்துவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை வளையும். ஒன்றரை அடிக்கு மேல் போகிற படத்துக்கு 12 மி.மீ.க்குக் குறைந்த பிளைவுட் வேண்டாம். பால்கனி, மொட்டை மாடி, குளியலறை என்றால் மரப்பலகையை மறந்துவிட்டு சிமென்ட் போர்டு வாங்குங்கள்.

மண்தொட்டியில் சில்லு ஒட்டுவது எல்லோருக்கும் பிடித்த முதல் முயற்சி. அதில்தான் ஏமாற்றமும் அதிகம். செடிக்கு ஊற்றும் தண்ணீர் மண்சுவர் வழியாகக் கசிந்து வந்து சில்லைப் பின்னாலிருந்து தள்ளும். தொட்டியின் உட்புறம் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்துவிட்டுத் தொடங்குங்கள். செடியைத் தனியே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வளர்த்து இதற்குள் இறக்கிவைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது பசை. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளை ஃபெவிகால் மரப்பலகைக்கும் வீட்டுக்குள் வைக்கும் படத்துக்கும் அருமையானது. மெதுவாக இறுகுவதால் சில்லை நகர்த்திப் பார்க்க நேரம் கிடைக்கும். அதிலுள்ள நீர் வெளியேறினால்தான் அது இறுகும். மேலே கண்ணாடி, கீழே பெயின்ட் அடித்த பலகை என்று இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் நீர் எங்கே போகும்? பெரிய கண்ணாடித் துண்டுகளுக்கு அடியில் பசை நாள்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். வெயில் மழை படும் இடத்துக்கு அது ஆகவே ஆகாது. தண்ணீர் விட்டுக் குழைக்கும் சிமென்ட் வகை டைல் அட்ஹெசிவ்தான் சரி. சண்டிகரில் நேக் சந்த் உருவாக்கிய ராக் கார்டனைப் பாருங்கள். 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்ட இடம். உடைந்த பீங்கானும் வளையல் துண்டுகளும் பதித்த உருவங்கள் அங்கே திறந்த வெளியில் நிற்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது சிமென்ட்.

முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் தனிக் கவனம் வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிகான் பசை, பின்னாலுள்ள ரசத்தை அரித்துக் கறுப்புத் திட்டுகள் விழச் செய்யும். ‘நியூட்ரல் க்யூர்’ என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒளி ஊடுருவும் வண்ணக் கண்ணாடிக்கு அடியில் சாம்பல் நிற அட்ஹெசிவ் போட்டால் நிறமே செத்துப்போகும். வெள்ளை நிறத்தில் கிடைக்கிறது, அதை வாங்கி, கரண்டிக் கோடு தெரியாமல் சமமாகத் தடவ வேண்டும்.

வெட்டுவதில் தொடக்கக்காரர்கள் செய்யும் பெரிய தவறு, தரைக்குப் போடும் விட்ரிஃபைட் டைல்ஸோடு மல்லுக்கட்டுவது. கை வலிதான் மிச்சம். சமையலறைச் சுவருக்குப் போடும் மெருகு டைல்ஸ் எளிதாக உடையும். சில்லு வெட்டும் இடுக்கியான நிப்பரால் சில்லின் நடுவில் கவ்வாதீர்கள். விளிம்பில் 3 மி.மீ. கவ்வி அழுத்தினால் போதும், வெடிப்பு தானாக ஓடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. சுத்தியலால் உடைப்பதென்றால் டைலைச் சாக்குக்குள் வைத்து உடையுங்கள்.

ஒட்டும்போது சில்லுகளை இடைவெளியே இல்லாமல் நெருக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் இடுக்கை நிரப்பும் சாந்தான கிரௌட் உள்ளே இறங்காது, மேலோடு நின்று பின்னால் பெயர்ந்துவிடும். 2 முதல் 3 மி.மீ. விடுங்கள். அதைவிட முக்கியம், சில்லுகள் போகும் திசை. ஒரு மீன் செய்தால் அதன் முதுகு வளைவோடு வரிசைகள் ஓட வேண்டும். ரோமானியர்கள் தரையில் பதித்த படங்களில் இதைக் கவனிக்கலாம். பின்னணியின் முதல் ஓரிரு வரிசைகள் உருவத்தின் விளிம்பை ஒட்டியே போகும், அதற்கப்புறம்தான் நேர்வரிசை தொடங்கும். அந்த ஒரு வரிசையே உருவத்தை எடுத்துக்காட்டிவிடும். எந்தத் திசையும் இல்லாமல் நிரப்பிய படம், நிறம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தூரத்தில் நின்று பார்த்தால் புள்ளிக்கூட்டமாகத்தான் தெரியும்.

இனி கிரௌட். நல்ல வேலை கடைசி இரண்டு மணி நேரத்தில் பாழாவது இங்கேதான். ‘ஒயிட் சிமென்ட் போதுமே’ என்பார்கள். இடுக்கு முழுக்க வெள்ளை வந்தால் கண் கோடுகளைத்தான் பார்க்கும், நிறங்கள் வெளிறிப்போகும். அடர்ந்த சாம்பல் வைத்தால் சிவப்பும் நீலமும் தூக்கிக் காட்டும். முடிவெடுக்கும் முன் கையளவு அட்டையில் நாலைந்து சில்லு ஒட்டிச் சோதித்துப் பாருங்கள். இடுக்கு 3 மி.மீ.க்கு மேல் போனால் மணல் கலந்த கிரௌட், குறைந்தால் மணல் இல்லாதது. மணல் கலந்ததைக் கண்ணாடியில் தேய்த்தால் கீறல் விழும்.

ஒட்டிய பசைக்கு ஒரு நாளாவது விடுங்கள், மழைக்காலத்தில் இரண்டு நாள். கிரௌட்டை கெட்டித் துவையல் பதத்துக்குக் குழைக்க வேண்டும். தண்ணீர் கூடினால் காயும்போது வெடிக்கும், விரலால் சுரண்டினாலே பொடியாகும். வேலைக்கு நடுவில் இறுகுகிறதே என்று மறுபடி தண்ணீர் ஊற்றாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்துக்கொள்வதுதான் வழி. மெருகில்லாத சுட்ட ஓடு, சிப்பி, பளிங்கு போன்றவை கிரௌட்டின் சாயத்தைக் குடித்துவிடும் என்பதால் அவற்றுக்கு முன்பே சீலர் என்ற காப்புப் பூச்சைத் தடவிவிடுங்கள். சிமென்ட் தோலை அரிக்கும், கையுறை அவசியம்.

கிரௌட்டைப் பூசிய உடனே துடைத்தால் இடுக்கிலிருந்து எல்லாம் வந்துவிடும். மறுநாள் துடைக்கலாம் என்று விட்டால் கல்லாகிவிடும். 15, 20 நிமிடம் கழித்து, நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடையுங்கள். அப்புறம் படியும் வெள்ளைப் படலத்துக்கு உலர்ந்த துணியே போதும். பாத்ரூம் ஆசிட் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது படலத்தோடு கிரௌட்டையும் தின்றுவிடும். மின்விசிறிக்குக் கீழே வைத்துச் சீக்கிரம் காயவைக்கவும் வேண்டாம், இரண்டு நாள் ஈரத்துணி மூடியிருக்கட்டும். வாளி கழுவிய தண்ணீர் சிங்க்கில் போகக் கூடாது, குழாய்க்குள் போய் இறுகிவிடும்.

எடையை யாரும் கணக்கிடுவதில்லை. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் படம், பலகையோடு சேர்த்து எட்டு, பத்து கிலோ வரை வரும். காலண்டர் ஆணி தாங்காது, சுவரில் துளையிட்டு பிளக் வைத்துத் திருகு போட வேண்டும். கொக்கிகளைச் சில்லு ஒட்டுவதற்கு முன்பே பலகையின் பின்புறம் திருகிவிடுங்கள். முடிந்த படத்தைக் கவிழ்த்துப் போட்டு டிரில் ஓட்டினால் அதிர்வில் கிரௌட் விட்டுப்போகும்.