மழைத் தொழுகைக்கு ஆயத்தமாவது எப்படி?

2019 கோடையில் சென்னையின் புழல் ஏரி வறண்டபோது ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றன. அத்தகைய வறட்சி மீண்டும் வந்தால், மழை வேண்டித் தொழுவதற்கு, ஷாஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று) முறைப்படி மஹல்லாவாசிகள் (ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதியினர்) முதலில் மூன்று நாள் நோன்பு வைத்து, பிறருக்குத் தர வேண்டியதைத் திருப்பிக் கொடுத்து, பாவமன்னிப்புக் கேட்டு, ஏழைகளுக்குத் தர்மம் செய்துவிட்டு, நான்காம் நாள் காலையில் நோன்போடு, முதியோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திடலுக்குச் செல்ல வேண்டும். பெருநாள் உடையும் அத்தரும் வேண்டாம். தினமும் உடுத்தும் எளிய உடையே போதும். வட சென்னையில் திடல் கிடைப்பதுதான் பெரும்பாடு என்பதால், ஏதேனும் பள்ளிக்கூட மைதானத்துக்கு முன்னதாகவே அனுமதி பெற்றுவிடுங்கள்.

இத்தொழுகைக்குப் பாங்கும் (தொழுகை அழைப்பு) இகாமத்தும் (தொழுகை தொடங்குமுன் சொல்லும் அறிவிப்பு) இல்லை. இமாம் (தொழுகையை முன்நின்று நடத்துபவர்) இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழ வைப்பார். பெருநாள் தொழுகையைப் போலவே முதல் ரக்அத்தில் 7, இரண்டாவதில் 5 தக்பீர்கள் ('அல்லாஹு அக்பர்' என்பது) கூடுதலாகச் சொல்லப்படும். பின்னர் குத்பாவின்போது (சொற்பொழிவு) அவர் கிப்லாவை (மக்காவின் கஅபா உள்ள திசை) நோக்கித் திரும்பி, இந்த நிலை மாறட்டும் என்னும் வேண்டுதலோடு தோளிலுள்ள துண்டின் வலப்பக்கத்தை இடப்பக்கமாக மாற்றிப் போடுவார்; நீங்களும் அவ்வாறே செய்து, புறங்கைகள் வானைப் பார்க்கும்படி கைகளை உயர்த்தி துஆ (பிரார்த்தனை) கேளுங்கள். ஹனஃபி மத்ஹபின் முன்னோடியான இமாம் அபூஹனீஃபா துஆவையே முதன்மையாகக் கொண்டார். ஆகவே இரு மத்ஹபினரும் கலந்து வாழும் தெருக்களில், எந்த முறை என்பதை ஜமாஅத்தில் (பள்ளிவாசல் சமூக அமைப்பு) முன்பே பேசி முடிவு செய்வது நல்லது. மழை பெய்யாவிட்டால் மறுபடியும் கூடித் தொழலாம்.